கிணற்றுக்கு ஒரு பக்கம்

டிலோஜினி தன்னைப் பற்றி ஒரு பக்கம் உண்மையாக எழுதிய நாட்களில் அந்தோனியார் ஒழுங்கையின் பொதுக் கிணறு நல்ல தண்ணீராக இருந்தது. எழுதாத நாட்களில் உப்பாக இருந்தது. மன்னார்த் தீவின் அந்தச் சிறு சந்தில் நாற்பத்தொரு வீடுகள். பேசாலைப் பக்கம் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாகக் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது என்பதும், அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்பு ஏறி வரும் என்பதும் அவள் பல்கலைக்கழகத்தில் படித்தவை. கட்டுரைகளைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

அவள் எழுதத் தொடங்கியது கிணற்றுக்காக அல்ல. இரசாயனத்தில் பட்டம் பெற்று நான்கு நேர்முகத் தேர்வுகளுக்குப் போனாள். நான்கிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். நான்கிலும் அவள் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தாள். கூடப் படித்த பிரேமிளா தொலைபேசியில் ஒரு வழி சொன்னாள்: ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இருந்து, உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுது, ஒரு வருடத்தில் வாய் தானாகத் திறக்கும். இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு தபசுகாலத்தின் முதல் திங்கள், காலை ஆறு மணிக்கு, டிலோஜினி கொப்பியோடு கிணற்றைச் சுற்றியிருந்த கட்டின் மேல் போய் இருந்தாள். வீட்டு முற்றம் முழுக்க அவள் தாய் றஞ்சிதம் கருவாடு காயப்போட்டிருந்தாள். கிணற்றடிக்கு அவ்வளவாக ஆள் வருவதில்லை. மூன்று வருடமாக அது மீன் கழுவ மட்டுமே உதவிய கிணறு. குடிக்கிற தண்ணீர் கிழமைக்கு இரண்டு முறை பவுசர் லொறியில் வந்தது.

பதில் தெரிந்தும் நாக்கு எழும்பாததைப் பற்றி அன்று எழுதினாள். ஆறரை மணிக்கு றஞ்சிதம் மீன் கழுவ அள்ளி வைத்த வாளியில் தெருக் கழுதை ஒன்று தலையை விட்டு, அடி தெரியும்வரை குடித்தது. வழமையாக அந்த வாளியை முகர்ந்துவிட்டுப் போகிற கழுதை அது. டிலோஜினி உள்ளே போய், படிக்கிற காலத்தில் வாங்கிய, தண்ணீரின் உப்பை அளக்கும் பேனை போன்ற மானியை எடுத்து வந்து வாளியில் வைத்தாள். போன கிழமை 5200 காட்டிய தண்ணீர் இப்போது 610 காட்டியது. விஞ்ஞானம் படித்தவள் என்பதால் உடனே நம்பவில்லை. ஒன்பது கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதிப் பார்த்தாள். மானி ஒருநாள் விட்டு ஒருநாள் இறங்கியது. வேறு ஆட்களைப் பற்றி எழுதினால் இறங்கவில்லை. பொய் கலந்தால் ஏறியது. நேற்று எழுதியதை இன்றைக்கும் எழுதினால், அது இன்றைக்கும் அவளுக்குள் இருந்தால் மட்டுமே இறங்கியது. பத்தாவது கிழமை ஒழுங்கைக்குத் தெரிய வந்தது. வைகாசியில் நாற்பத்தொரு வீட்டாரும் கையெழுத்து வைத்து, பவுசர் இனித் தேவையில்லை, தண்ணி இல்லாத இடத்துக்கு அதை அனுப்புங்கோ என்று பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தார்கள். பவுசர் வேறிடத்துக்குப் போனது. டிலோஜினியைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அவள் ஓம் என்று தலையைத்தான் ஆட்டியிருப்பாள்.

எழுதினது அவளை விட்டுப் போய்த் தண்ணீரில் இறங்குகிறது என்பது பல்வலியன்று தெரிந்தது. கடைவாய்ப் பல்லைப் பற்றி அவள் ஒரு பக்கம் எழுதினாள். எழுதி முடித்ததும் வலி போய்விட்டது; அந்தத் தண்ணீரைக் குடித்தும் அன்று அவளுக்குத் திரும்பவில்லை. ஏழரை மணிக்கு ஒழுங்கை முழுக்கத் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு வசந்தமலர் ஒரு கையால் கன்னத்தையும் மறு கையால் வாளியையும் பிடித்தபடி வந்து, "எடியே, பல்லெண்டால் டொக்டரிட்டப் போ. எங்கட வாயில எழுதாத," என்றாள். மறுநாள் காலை வலி டிலோஜினிக்குத் திரும்பி வந்தது. வேறு விடயம் எழுதிவிட்டு, டொக்டரிடம் போனாள். கடலில் காணாமல் போன தகப்பனைப் பற்றி எழுதிய அன்று அவள் கண் நனையாமல் மானியைப் பார்த்து 420 என்று குறித்தாள். கடற்கரைக் கொட்டில்களான வாடிகளில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஆண்கள் யாருக்காக என்று தெரியாமல் அழுதார்கள். நாளாக நாளாக ஒழுங்கைக்கு அது பழகிவிட்டது. காலையில் முதல் மிடறைக் குடித்துவிட்டு, "இண்டைக்குப் பிள்ளைக்கு என்னவோ வெக்கமாக்கும்" என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

ஒரு முறைதான் பெரிய பிழை நடந்தது. ஆனி மாதம் அந்தோனியார் திருநாளுக்கு, ஒழுங்கையின் அன்பியம் என்ற கோயில் குழுவுக்குத் தலைவரும் இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியுமான அருட்பிரகாசம் அவளிடம் வந்தார். விருந்துக்கு முந்நூறு பேர். சோறு, தேத்தண்ணி எல்லாம் அந்தக் கிணற்றில். "வழமையா உன்ர கவலையளத்தானே எழுதிறாய். நாளைக்கு எங்களைப் பற்றியும் நல்லதா நாலு வரி போடு, பிள்ளை. தண்ணி இன்னும் இனிக்கும்," என்றார். அவளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. திருநாளன்று காலை, தன் ஒழுங்கை அன்பின் கூடு என்றும் அதில் தான் சிறகடிக்கும் பறவை என்றும் ஒரு பக்கம் எழுதினாள். மானி 6400 காட்டியது. அவள் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் மூன்று கிடாரத்திலும் அரிசி வெந்துவிட்டது. பங்குச் சுவாமி தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்து, கோப்பையை மெல்லக் கீழே வைத்து, சிலுவை அடையாளம் போட்டார். மறுநாள் அவள் தன் அவமானத்தைப் பற்றி எழுதினாள். ஒழுங்கை அதைக் குடித்தது. குடித்த எல்லோருக்கும் அவமானமாக இருந்தபடியால் ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை.

மூன்றாம் வருடம் எழுத ஒன்றும் இல்லாமல் போனது. காலையில் எழுதுவதும், எழுதியது மறுநாள் விடியும்வரை தன்னில் இல்லாமல் இருப்பதுமாகவே அவள் நாட்கள் போயின. மானி 900, 1100 என்று ஏறியது. பிள்ளைக்கு ஏதாவது நடக்கவேண்டும் என்று ஒழுங்கை கூட்டம் போட்டுத் தீர்மானித்தது. கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அவளை முன்வரிசைக்கு அழைத்துப் போனார்கள். பெண்களை வள்ளத்தில் ஏற்றாத அருட்பிரகாசம் அவளை ஏற்றிக்கொண்டு போய், தின்றதெல்லாம் சத்தியாக வெளியே வரும்வரை ஆழ்கடலில் வைத்திருந்து கொண்டுவந்து விட்டார். "வள்ளத்தில் ஏற எனக்கு விருப்பமில்லை, வேண்டாம் என்று சொல்லவும் தெரியவில்லை" என்று அவள் எழுதினாள். 580. அன்று ஒழுங்கையில் ஒருவராலும் ஒருவருக்கும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மூன்று கோழிகளும் ஒரு சைக்கிளும் ஒரு தையல் மெசினும் இரவல் போயின. சைக்கிள் திரும்பி வரவில்லை.

நான்காம் வருடம் ஐந்தாவது நேர்முகத் தேர்வு. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். பிரேமிளா சொன்னது சரியாக இருந்தது. டிலோஜினி பதினெட்டு நிமிடம் பேசினாள். கண்டியில் தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. அடுத்த மாதம் முதலாம் திகதி பொறுப்பேற்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அதை நாலாக மடித்து, கொப்பியின் உறைக்குள் வைத்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை, கொப்பிக்கும் சொல்லவில்லை. மானி 1700க்கு ஏறியது. அடுத்த நாள் 2900. சிறுநீரகம் பழுதான இரண்டு பேர் ஒழுங்கையில் இருந்தார்கள். வசந்தமலரின் கைக்குழந்தை பாலைக் கக்கியது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கிணற்றுக் கட்டில் இருந்தாள்.

"எதையோ ஒளிக்கிறாய், என்ன?"

"இல்லை அக்கா."

"உன்ர தண்ணிய மூண்டு வருசமாக் குடிக்கிறன். எனக்கே பொய் சொல்லுறியோ?"

டிலோஜினி கடிதத்தைக் காட்டவில்லை. பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில், அடம்பனில் இருக்கிற மாமியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். வெளியிலிருந்து எழுதினாலும் கிணறு கேட்குமா என்று அறிய வேண்டியிருந்தது. மாமி வீட்டில் கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் முற்றத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அங்கே எல்லாத் தண்ணீரும் ஏற்கெனவே நல்ல தண்ணீர். ஒரு கிழமை காலை ஆறு மணிக்கு எழுதினாள். றஞ்சிதம் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் மானியை வாசித்தாள். 4800. 5000. 5100. ஐந்தாம் நாள் அருட்பிரகாசம் தொலைபேசியை வாங்கி, "நீ ஆறுதலா நிண்டிட்டு வா பிள்ளை, நாங்கள் மறிக்கேல்லை. இஞ்ச எல்லாரும் சுகம்," என்றார். பின்னால் வாளிகள் முட்டுகிற சத்தம் கேட்டது. வசந்தமலரின் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செய்தியை றஞ்சிதம் பிறகு சொன்னாள். ஏழாம் நாள் டிலோஜினி வந்துவிட்டாள்.

வந்த மறுநாள், ஆறு மணிக்கு, கிணற்றுக் கட்டில் இருந்து, ஒளித்ததை எழுதினாள். இங்கிருந்து போகவேண்டும். கண்டிக்குப் போக எனக்கு ஆசையாக இருக்கிறது. குளிரில், ஒருவருக்கும் என்னைத் தெரியாத ஓர் அறையில், மற்றவர்களுடைய தண்ணீரை அளந்துகொண்டு இருக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. பக்கம் நிறையும்வரை எழுதினாள். மானி 38 காட்டியது. மழைத்தண்ணீர் அந்த அளவில்தான் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய குழந்தை அன்று குடித்ததைக் கக்கவில்லை. ஏழு மணிக்கு மன்னார் பஸ் ஒழுங்கை வாயிலில் நின்றது. பை கட்டி ஆயத்தமாக இருந்தது. எழுதி முடித்திருந்தபடியால் போகிற ஆசை அவளிடம் இல்லை, கிணற்றில் இருந்தது. நடத்துனர் நிதர்சன் இரண்டு தரம் விசில் அடித்தார். பஸ் போனது. அடுத்த நாள் காலை ஐந்தேமுக்காலுக்கு ஆசை திரும்பி வந்தது. ஆறு மணிக்கு அதை எழுதினாள். 38. முதலாம் திகதி வந்து போனது. எழுத ஒன்றும் இல்லை என்கிற பிரச்சினை அதோடு தீர்ந்தது. அந்த ஒன்று ஒவ்வொரு விடியலிலும் புதிதாகவே இருந்தது.

ஒழுங்கை அதைக் குடித்தது. முதலில் போனது வசந்தமலர். குழந்தையையும் புருசனையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு, ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. பஸ் ஏறும்போது டிலோஜினியின் கையைப் பிடித்து, "உன்ர ஆசைதானேயடி எங்களைக் கொண்டுபோகுது. நீயும் வாவன்," என்றாள். அப்போது நேரம் ஏழு மணி, அன்றைய பக்கம் எழுதி முடிந்திருந்தது. அந்த வருடம் பதினொரு வீடுகள் பூட்டப்பட்டன. அடுத்த வருடம் இருபத்தெட்டு. கொழும்பு, கனடா, நீர்கொழும்பு, அடம்பன். ஒருவரும் சண்டை பிடித்துக்கொண்டு போகவில்லை, குடித்தார்கள், போனார்கள். றஞ்சிதம் கருவாட்டுப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மாமி வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று மகளைப் பார்த்து அழுதாள், ஆனாலும் போனாள். அருட்பிரகாசம் இரண்டு வள்ளத்தையும் விற்று, இந்த வருடம் தை மாதம், ஒழுங்கையின் கடைசி ஆளாக, ஒரு சூட்கேசோடு கிளம்பினார். "இனி ஆருக்குப் பிள்ளை எழுதப்போறாய்? விட்டிட்டு வா," என்றார்.

அவர் சொன்னது நியாயம். குடிக்க ஒருவரும் இல்லை. மறுநாள் டிலோஜினி எழுதுவதில்லை என்று தீர்மானித்தாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போகக் கிணற்றடியைத் தாண்ட வேண்டும். நேரம் ஆறு மணி. ஐந்து வருடத்தில் அவள் காலும் கையும் பழகியிருந்தன. கால் கிணற்றுக் கட்டில் மடிந்தது. கை கொப்பியைத் திறந்தது. நிறுத்தலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் பாதி நிறைந்துவிட்டது. 38. அன்று மாலை தீவின் கழுதைகள் வரிசையாக வந்து கிணற்றடித் தொட்டியில் குடித்தன; இருட்டுவதற்குள் பாலத்தைக் கடந்து பெருநிலப் பக்கம் போய்விட்டன. அதற்கு முன் அவை பாலத்தைக் கடந்ததை ஒருவரும் கண்டதில்லை.

இப்போது கிணறு கட்டுவரை நிறைந்து நிற்கிறது. பஸ் ஏழு மணிக்கு வருகிறது. நிதர்சன் இறங்கி வந்து தன் போத்தலை நிரப்பிக்கொள்கிறார். அந்தத் தண்ணீரால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர் எப்படியும் ஒவ்வொரு நாளும் போகிறவர்.

"இண்டைக்கும் வரேல்லையோ, பிள்ளை?"

"நாளைக்கு வாறன், அண்ணை," என்கிறாள் அவள், கொப்பியை மூடிக்கொண்டு.

"ஓம், ஓம்," என்று சொல்லிவிட்டு, அவர் விசில் அடிக்கிறார்.