இரண்டு டின் சோளம் தாங்கும் ஸ்பிரிங்

குமாசி நகரில், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சுவாமே பட்டறைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் சோள மில் வைத்திருந்த அச்சியாவுக்கு அந்தப் புதன்கிழமை காலையிலேயே தலை சூடாகிவிட்டது. மாவில் இரும்பு ருசிக்கிறது என்று சொல்லிவிட்டாள் அராபா. புளித்த சோள மாவில் கென்கே உருண்டை அவித்து விற்கும் அராபாவின் நாக்கோடு அந்தத் தெருவில் யாரும் வாதாட மாட்டார்கள். மழைத்தண்ணீரைக் குடித்துப் பார்த்து, அது எந்த வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தது என்று சொல்வாள். இரண்டு முறை சொன்னாள். இரண்டும் சரியாக இருந்தது.

"சனிக்கிழமை சாவு வீட்டுக்கு எழுநூறு கென்கே. மாவு ரெண்டு நாள் புளிக்கணும். அஞ்சு மணிக்குள்ள மில்லு ஒழுங்கா ஓடலைன்னா என் பதினோரு அண்டாவும் எதிர் மில்லுக்குப் போயிடும். போனா திரும்பி வராது, ஆமா."

அராபா எங்கே அரைக்கிறாளோ அங்கேதான் மற்ற கென்கேக்காரிகளும் அரைப்பார்கள். அவள் போனால் மில்லை மூடிவிட்டுக் கோழி வளர்க்க வேண்டியதுதான்.

கோளாறு சின்னது. மில்லுக்குள் இரண்டு அரைக்கும் தகடுகள். சக்கரத்தைத் திருகினால் நெருங்கும். தளர்த்தினால், தண்டில் மாட்டிய ஸ்பிரிங் அவற்றைப் பிரித்துத் தள்ளும். அந்த ஸ்பிரிங் களைத்துவிட்டது. தகடுகள் சோளம் இல்லாத நேரத்திலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. போன வாரம் ஃபிட்டர் டுமாசி அதைச் சிவக்கக் காய்ச்சி, இழுத்து நீட்டி, இளமை திரும்பிவிட்டது என்று மாட்டிவிட்டுப் போனான். இரண்டு நாள் நிமிர்ந்து நின்றது. மூன்றாம் நாள், விருந்து முடிந்த மாமனார் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

"புதுசு வாங்கிட்டு வாங்கன்னுதானே மாஸ்டர் சொன்னேன்? அடுப்புல போட்டு இழுக்கச் சொன்னேனா?" என்றாள் அச்சியா, வந்து நின்ற டுமாசியிடம்.

"இழுத்தப்போ நல்லாத்தானே நின்னுச்சு, அக்கா."

டுமாசி ஓடிப்போய் ஒரு ஸ்பிரிங்கோடு வந்தான். கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினான். கட்டைவிரல்தான் வளைந்தது.

"பாத்தீங்களா, அசையுதா? சரக்கு லாரி எஞ்சின்ல இருந்தது!"

மாட்டினார்கள். சக்கரத்தில் இரண்டு பேர் தொங்கியும் தகடுகள் நெருங்கவில்லை. மேலே போட்ட சோளம் கீழே போட்டபடியே வந்தது, விதைத்தால் முளைக்கும். கழற்றும்போது அது கைநழுவி, கூரைத் தகட்டைத் துளைத்து, எதிர்ச் சபையின் பாதிரியார் தொப்பியையும் தூக்கிக்கொண்டு போயிற்று. தொப்பி வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஸ்பிரிங் இன்னும் இறங்கவில்லை.

இரண்டாவது, கட்டைவிரலுக்கு இதமாக இருந்தது. ஆனால் நெருக்கச் சுற்று. சக்கரம் ஒன்றரைத் திருகு போவதற்குள் வளையத்தின்மேல் வளையம் உட்கார்ந்து, ஸ்பிரிங் வெறும் குழாயாகிவிட்டது. மூன்றாவது தொளதொளவென்று இருந்தது. போட்டதும் தகடுகள் முத்தமிட்டுத் தீப்பொறி பறந்தது. வரிசையில் நின்ற பெண்கள் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"மணி ரெண்டு," என்றாள் அராபா, கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்தபடி.

அச்சியாவுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் கட்டைவிரலாலயே அமுக்கிப் பாக்கறீங்களே மாஸ்டர், மில்லுக்குள்ள உங்க கட்டைவிரலா இருக்கு? ஸ்பிரிங்கு அங்க சும்மா நிக்கறதில்ல. பாதி அமுங்கித்தான் நிக்குது!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உடைத்து, தண்டின்மேல் வைத்து இரண்டு கோடு கீறினாள். தகடுகள் பிரிந்திருக்கும்போது ஸ்பிரிங்குக்கு இருக்கும் இடம் மேல்கோடு. தொடும்போது மிஞ்சும் இடம் கீழ்க்கோடு. பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுத் தண்டில் கயிற்றைக் கட்டி, பக்கத்திலிருந்த குறுக்குக் குழாயின்மேல் போட்டு, நுனியில் வாளியைத் தொங்கவிட்டாள். ஒரு டின் சோளம் கொட்டினாள். தண்டு அசையவில்லை. இரண்டாவது டின் கொட்டியதும் மெல்ல நகர்ந்து தகடுகள் பிரிந்தன.

"ரெண்டு டின்னு. அவ்வளவுதான் பலம் வேணும். லாரி வேணாம்."

வாளியும் குச்சியுமாகப் பட்டறைத் தெருவுக்கு நடந்தாள். டுமாசி சோளத்தைச் சுமந்தான். ஸ்பிரிங் வியாபாரி நிசியா தன் குவியலுக்குப் பக்கத்தில் வறுத்த வாழைக்காய் தின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கம்பியில் கோத்து நிறுத்தி, மேலே வாளியை வைத்து, மேல்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றால், கையை ஊன்றிக் கீழ்க்கோடு வரை அமுக்கி, வளையங்கள் முட்டுகின்றனவா என்று பார்த்தாள். பத்தாவதிலேயே கூட்டம் கூடிவிட்டது.

"இங்க சோளம் விக்க வந்தியா, ஸ்பிரிங் வாங்க வந்தியா?" என்றான் நிசியா.

"ஊட்டிப் பாக்கறேன். எது தின்னு செரிக்குதோ அது எனக்கு."

முப்பத்திரண்டாவது சரியாக மேல்கோட்டில் நின்றது. அமுக்கினாள். கீழ்க்கோட்டிலும் வளையங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"அது பழைய ஸ்கூட்டர் கிளட்ச்சுல கழட்டினது," என்றான் நிசியா.

டுமாசி தெரிந்தவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். "ஸ்கூட்டரா! அக்கா, மில்லுல என் பேரைப் பெயிண்டால எழுதியிருக்கேன். நாலு பேர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"பேரை அழிச்சிடுங்க. நடங்க!"

அவர்கள் திரும்பியபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அராபாவின் நான்கு அண்டாக்கள் ஏற்கெனவே சுமைக்காரப் பெண்களின் தலையில் ஏறியிருந்தன. அச்சியா யாரையும் பார்க்காமல் ஸ்பிரிங்கை மாட்டி, மோட்டாரைப் போட்டு, சக்கரத்தைத் திருகினாள். உரசல் சத்தம் இல்லை. ஈரமாவு வழவழவென்று இறங்கியது. அராபா எழுந்து வந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடினாள்.

"இறக்குங்கடி," என்றாள் சுமைக்காரிகளிடம்.

டுமாசி உடனே வரிசையின் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினான். "பாத்தீங்களா? சாதாரண ஸ்பிரிங் இல்ல தாய்மாரே! கப்பல் எஞ்சின்ல இருந்து நானே தேடிப் பிடிச்சது!"

அச்சியாவின் இரண்டு கையும் சக்கரத்தில் இருந்தன. பதினோரு அண்டாவும் அரைத்து முடியும்வரை அவன் பிழைத்தான்.