மூன்று பொத்தான் பெட்டி

சின்னவனுக்கு நாற்பத்தொரு வயது. தலையில் பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் வீட்டில் அவன் சின்னவன்தான். அக்கா வைத்த பேரை மாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. வெல்டிங் வேலை செய்கிறவன். இரும்பு அவன் சொன்னபடி கேட்கும். வீட்டில் வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.

அக்கா நீதிமன்றத் தட்டச்சுக்காரி. பேசுவதைக் கேட்டு, ஒரு இருமலைக்கூட விடாமல் தட்டச்சு செய்கிறவள். ஒரு விபத்தில் கால்கள் இரண்டும் செயலற்றுப் போனதிலிருந்து ஆறு வருடமாக வீட்டிலேயே உட்கார்ந்து ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இப்போது மலை மேல் இருக்கும் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. வருகிற புதன்கிழமை சேர வேண்டும். முடியாதென்றால் முன்கூட்டியே எழுதிப் போட்டுவிட வேண்டும்.

பேருந்தில் சக்கர நாற்காலி ஏறாது. எனவே சின்னவன் தன் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஆள் உட்கார ஒரு சைடுகார் செய்து மாட்டினான். ஏறி உட்காரச் சரிவுப் பலகை, பின்னால் நாற்காலியை மடித்து வைக்க ஒரு தட்டு, எல்லாம் சொந்தக் கைவேலை. அத்தோடு விட்டிருக்கலாம். பாரம் கூடிவிட்டதே, என்ஜின் கொஞ்சம் தாராளமாக மூச்சு விடட்டுமே என்று சைலென்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினான் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி. காற்று தாராளமாகப் போனது. பெட்ரோல் மட்டும் பழைய அளவில்தான் வந்துகொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி இருமியது.

போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக அக்காவை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனான். நான்காவது வளைவில் என்ஜின் நின்றுவிட்டது. பிரேக் பிடிப்பதற்குள் வண்டி இரண்டு முழம் பின்னால் உருண்டது. அக்கா சைடுகாரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சாம்பாரில் உப்பு குறைந்தாலே அரைமணி நேரம் பேசுகிறவள், 'வீட்டுக்குப் போகலாம்' என்று மட்டும் சொன்னாள். மறுநாள் மேசை மேல் ஒரு கடிதம் கிடந்தது. 'தங்கள் அழைப்புக்கு நன்றி. ஆயினும்...'

"இன்னொரு தடவை வர்றேன்," என்றாள் அக்கா. "அப்பவும் ஏறலைன்னா, இறங்குறப்ப இதைத் தபால் பெட்டியில போட்டுடணும். சரியா?"

சனிக்கிழமை காலையில் உதிரிபாகக் கடை திறக்கும் முன்பே சின்னவன் வாசலில் நின்றான். என்ஜினுக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் எலக்ட்ரானிக் ட்யூனர் கேட்டான். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று கம்ப்யூட்டரில் மாட்டுவது. திரையில் மலைத்தொடர் மாதிரி வரைபடம் காட்டும். மற்றது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மூன்று பொத்தான், மூன்று விளக்கு. மெதுவாகப் போக ஒன்று, பாரத்தோடு இழுக்க ஒன்று, முழு வேகத்துக்கு ஒன்று. அமுக்க அமுக்கப் பெட்ரோல் கூடும்.

"பெரிசையே எடுத்துக்கங்க. ரேஸ்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க," என்றார் கடைக்காரர்.

"ஏத்தத்துல போய்க்கிட்டே அளவை மாத்த முடியுமா?"

"அது எப்படி? ஓரமா நிறுத்திட்டு லேப்டாப்பை மாட்டணும்."

"நிக்கக் கூடாதுன்னுதாங்க நான் வந்ததே. ஏத்திட்டுப் போறது எங்க அக்காவை. ரேஸெல்லாம் அவங்க வாயோட சரி."

கடைக்காரர் பெரிய பெட்டியை மனசில்லாமல் உள்ளே வைத்தார்.

சின்னவன் அன்றைக்கே பெட்டியை மாட்டிவிட்டான். அக்காவிடம் எடை கேட்டான். "ஐம்பத்திரண்டு," என்று பட்டென்று வந்தது பதில். ஐம்பத்திரண்டு கிலோ மணலை மூட்டை கட்டி சைடுகாரில் உட்கார வைத்து மலை ஏறினான். நடுப் பொத்தானை நாலு அமுக்கு அமுக்கியதும் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ஏறினாள். மூன்றாவது வளைவைத் தாண்டியதுமே என்ஜின் இரும ஆரம்பித்தது. சமதளமாக இருந்த ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினான். அழுகை வரும்போல இருந்தது அவனுக்கு.

"நேத்து ஏறுச்சுக்கா. சத்தியமா. ஐம்பத்திரண்டு கிலோ மணலோட ஏறுச்சு."

அக்கா பள்ளத்தாக்கைப் பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

"அது நான் காலேஜ் படிக்கிறப்ப," என்றாள்.

"இப்ப?"

"வண்டியைப் பாருடா."

"அக்கா."

"எழுபத்தொண்ணு. போதுமா?" என்றவள் உடனே திருப்பினாள்: "நேத்து பின்னால நாற்காலியை ஏத்துனியா?"

ஏற்றவில்லை. பதினைந்து கிலோ நாற்காலி வீட்டில் அக்காவோடு இருந்தது. சின்னவன் தலையைச் சொறிந்தான். அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒரு வாரமாக அந்தச் சிரிப்பைக் கேட்காதவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு எழுந்து சீட்டுக்குக் கீழே கட்டியிருந்த பெட்டியை அவிழ்த்தான். வயர் நீளமாகவே இருந்தது. அக்கா மடியில் வைத்தான்.

"நடுப் பொத்தான், இப்ப நாலுல இருக்கு. மெதுவுக்கு ரெண்டு, முழு வேகத்துக்கு மூணு வச்சிருக்கேன், அதைத் தொடாதே. நான் சொல்றப்ப ஒரு தட்டு தட்டு."

"நீ எதுக்குச் சொல்லணும்? சைலென்சர் என் காதுகிட்டதான் கத்துது. எனக்கே தெரியும்."

இறங்கிப் போய்த் திரும்பவும் அடியிலிருந்து ஏறினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு வருடம் அடுத்தவர் தொண்டைச் செருமலைக் கேட்டே பழகிய காது. என்ஜின் இருமப் போவது அவளுக்குக் கொஞ்சம் முன்பே தெரிந்தது. மூன்று தட்டுத் தட்டினாள். மூன்றாவது வளைவு போனது. நான்காவது வளைவில் சின்னவன் பல்லைக் கடித்தான். அவள் இன்னும் இரண்டு தட்டினாள். வண்டி ஒருதரம் முனகிவிட்டு, இழுத்தது. இழுத்துக்கொண்டே போனது.

மேலே நீதிமன்றம் பூட்டியிருந்தது. கதவருகே நாற்காலி ஏறும் சரிவுப் பாதை இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடியில் வைத்து, பென்சிலால் எழுதினாள்: மெதுவுக்கு இரண்டு, இழுப்புக்கு ஒன்பது, முழு வேகத்துக்கு மூன்று.

"பட்டறைச் சுவத்துல ஒட்டி வை. பேட்டரி மாத்துனா பெட்டி அளவை மறந்துடும், நீயும் மறந்துடுவ."

வாங்கிய சின்னவன் திருப்பிப் பார்த்தான். 'தங்கள் அழைப்புக்கு நன்றி. ஆயினும்...' முழுக் கடிதம். கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"அக்கா, இது அந்த லெட்டர்."

"தெரியும். பின்பக்கம் காலியாத்தானே இருந்துச்சு," என்றாள் அக்கா. "புதன்கிழமை எட்டு மணிக்கு நான் இதுல உட்கார்ந்திருப்பேன். நீ தூங்கிக்கிட்டு இருந்தேன்னா, நானே ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன், பார்த்துக்க."