போணிக்கு முன்னால் நின்றவள்

நயினார் கடை திறப்பதற்கு முன்பே ஆறுமுகத்தாய் வந்து நின்றுவிட்டாள். தாராவியிலிருந்து ரயில் பாலம் ஏறி இறங்கி மாதுங்கா மார்க்கெட்டுக்கு வருகிற நடை. இப்போதெல்லாம் தினமும் வருகிறாள்.

முன்பு ஞாயிறுதோறும் புருஷன் வெயிலுமுத்துவோடு வருவாள். குர்லா பட்டறையில் வாரமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷன், மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையாகிவிடுவான். வறுபடுகிற காப்பிக்கொட்டை வாசனைக்காகவே ஒரு சந்து சுற்றிப் போவான். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு வருவதைக் கண்டதும் காய்கறிக் கடையிலிருந்து நயினார் கூவுவான்: "மதினி வாராக! வேற ஒருத்தரும் தொடப்படாது, அவுகதான் போணி பண்ணணும்!" அன்றைய முதல் வியாபாரம் அவள் கையால் நடந்தால் மத்தியானத்துக்குள் கூடை காலி என்பது அவன் நம்பிக்கை.

வெயிலுமுத்து செத்த பிறகு முதல் தடவையாகத் தனியே வந்தாள். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்த நயினார், சாக்கை எடுத்துக் கத்திரிக்காயின் மேல் போட்டான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வேற யாராச்சும் போணி பண்ணட்டும்."

அவள் அழவில்லை. மறுநாளே பழிவாங்கத் தொடங்கினாள்.

"கத்திரிக்கா என்ன விலை நயினாரு? வெண்டைக்கா? சரி, வேண்டாம்."

போணிக்கு முன்னால் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போவதைவிடப் பெரிய அபசகுனம் அவனுக்குக் கிடையாது. எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தான். சூடம் கொளுத்தினான். "காலிபீலி, சும்மாச் சும்மா வந்து என் பொழப்பக் கெடுக்காதீங்க மதினி" என்று கும்பிட்டான். அந்தக் கவலையிலேயே எடையைத் தப்பாகப் போட்டான். வாடிக்கைக்காரர்கள் எதிர்க்கடைக்கு நகர்ந்தார்கள். பார்க்கப் பார்க்க அவள் வயிறு குளிர்ந்தது. சாமி முன்னால் நின்றால்கூட, அவன் கடை படுத்துவிட வேண்டும் என்றே கேட்டாள்.

இன்று பக்கத்துக் கீரைக்கடையில் சத்தம் கேட்டது. வெறும் நெற்றியோடு ஒரு சின்னப் பெண் பையைப் பிடித்தபடி நின்றாள். கீரைக்காரி பிச்சம்மாள் அவளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"போ தாயி! முந்தி நான் இதெல்லாம் பாத்தவ இல்ல. ஒருத்தி வந்து நின்னே நயினார் கடை கெட்டுப்போச்சே, எனக்குப் பயமா இருக்காதா?"

ஆறுமுகத்தாய்க்குச் சுருக்கென்றது. ஒருவனுக்கு மட்டும் இருந்த பயத்தை அவளே சந்து முழுக்கப் பரப்பிவிட்டிருந்தாள். விடுவிடுவென்று போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நயினார் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"நாளையிலேருந்து நான் வரமாட்டேன். ஆனா இன்னைக்குப் போணி இவ கையால. இவள மாதிரி எவ வந்தாலும் மூஞ்சி சுளிக்காம நிறுத்துக் குடுக்கணும். சுளிச்சேன்னு என் காதுல விழுந்துச்சு, மறுநாள் விடியுமுன்ன இங்க நிப்பேன். பிச்சம்மா, உனக்கும் சேத்துத்தான்!"

நயினார் தராசைக் கையில் எடுத்தான்.

"என்ன வேணும் தாயி?"

"அரைக் கிலோ வெண்டைக்கா" என்றாள் அந்தப் பெண், யாருக்கும் கேட்காத குரலில்.

"சத்தமாச் சொல்லு புள்ள" என்றாள் ஆறுமுகத்தாய்.

நயினாரை மன்னித்துவிட்டாளா என்றால், இல்லை. ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு காயாக நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்கி முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.