நாற்பத்தெட்டுக் குழிகள்

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. பெட்டிக்குள் வைக்கும் பொருள் ஆடாமல் அசையாமல் இருக்க, அதன் அளவுக்கு ஃபோம் வெட்டிக் கொடுப்பார்கள். அழுத்தி வெட்டும் பிரஸ் அண்ணியின் கையில். உருக்கி வெட்டும் சூட்டுக்கம்பி நாத்தனாரின் கையில். எது நல்ல வெட்டு என்று கேட்டால் மட்டும் இருவரும் எலியும் பூனையும்தான்.

ஒரு திங்கட்கிழமை, செயற்கைக் கண் செய்கிற பெண் வந்தாள். ஒரு கண்ணை இழந்தவர்களின் மறு கண்ணோடு நிறம் பொருத்திப் பார்க்க, நாற்பத்தெட்டு மாதிரிக் கண்கள் வைத்திருந்தாள். அவற்றுக்குப் பெட்டி வேண்டும். ஃபோமையும் அவளே கொண்டுவந்திருந்தாள், இரண்டே துண்டு. தொட்டால் கன்னம் போல மெத்தென்றிருந்தது.

"கீறல் விழக்கூடாது. ஒவ்வொண்ணும் நேரா மேல பாக்கணும். வியாழக்கிழமை வரேன்" என்று அளவு பார்க்க ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"அண்ணி, இது பிரஸ்ல நசுங்கிடும்."

"உன் கம்பியில கருகிடும். போய் வேலையப் பாரு."

முதல் துண்டின் ஒரு மூலையில் அண்ணி வட்ட அச்சை வைத்து அழுத்தினாள். பிரஸ் மேலே ஏறியதும் நசுங்கிய ஃபோம் நிமிர்ந்தது. குழியின் சுவர் வளைந்துவிட்டது. கண்ணை வைத்தால் சாய்ந்துகொண்டு வாசலைப் பார்த்தது.

மறுநாள் அண்ணி சாப்பிடப் போன நேரத்தில் நாத்தனார் இன்னொரு மூலையில் கம்பியை இறக்கினாள். புகை கண்ணைக் கரித்தது. குழியின் ஓரமெல்லாம் உருகி, ஆறியபின் பொருக்குத் தட்டி நின்றது. ஜன்னல்கள் எல்லாம் ஏன் திறந்து கிடக்கின்றன என்று திரும்பி வந்த அண்ணி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நாத்தனாருக்கு.

புதன்கிழமை காலை அண்ணி ஒரு இரும்புக் குழாயின் விளிம்பைச் சாணையில் தீட்டி, கையாலேயே அழுத்திப் பார்த்தாள். அதே நசுங்கல்தான். எரிச்சலில் குழாயைத் திருகிப் பிடுங்கினாள். உள்ளே ஒரு ஃபோம் துண்டு, மெழுகுவத்தி போல நேராக வந்தது.

"இன்னொரு தடவ பண்ணுங்க" என்றாள் நாத்தனார்.

"எதை?"

"இப்போ திருகினீங்களே, அதை."

அடுத்ததும் நேராக வந்தது. குழாயைத் துளை போடும் மிஷினில் மாட்டினார்கள். வேகத்தில் ஃபோம் சுருட்டிக்கொண்டு கிழிந்தது. வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, குழாய் நுழையுமளவு ஓட்டை போட்ட பலகையால் ஃபோமை மேலிருந்து லேசாகப் பிடித்தபோது சரியாக வெட்டியது. அதற்குள் முதல் துண்டு சல்லடையாகியிருந்தது. மிச்சம் ஒன்றுதான்.

மிஷினின் கைப்பிடி அருகே போன அண்ணி நின்றாள்.

"நீயே இறக்கு. என் கை அமுக்கியே பழகின கை. நான் பலகையப் பிடிச்சுக்கறேன்."

நாத்தனார் கைப்பிடியைப் பிடித்தாள். நாற்பத்தெட்டாவது குழி முடிந்தபோது சாயங்காலமாகிவிட்டது. இருவருக்கும் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

வியாழக்கிழமை வந்த பெண் ஒவ்வொரு குழியிலும் சுண்டுவிரலை விட்டுத் தடவினாள்.

"இது ஒண்ணு கொஞ்சம் பெரிசு."

"முழிச்சுப் பாக்கறவங்களுக்கு வச்சுக்குங்க" என்றாள் அண்ணி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஆனால் அதிலும் ஒரு கண்ணை வைத்தாள். நாற்பத்தெட்டும் கூரையைப் பார்த்து நின்றன. அண்ணிக்கு என்னவோ போலிருந்தது.

"சீக்கிரம் மூடிடுங்க."

அந்தப் பெண் போனபின், குழாயின் அளவையும் மிஷின் வேகத்தையும் அண்ணி சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தாள். நாத்தனார் வந்து ஓர் எண்ணை அழித்துத் திருத்தினாள். அண்ணி அதைப் பார்த்தாள், அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆர்டரைப் பிரித்தாள்.