மைலோ பேணியும் பனங்கட்டியும்

சிட்னியின் டூங்கபியில் வரதராஜாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குப் போன நிதுஷனுக்கு ஒரேயொரு பயம்தான் இருந்தது. அங்கே வைத்து இருமல் வந்துவிடக் கூடாது.

வரதராஜா அவனுடைய பழைய முதலாளி. முதலாளி என்று சொன்னால் மனுஷனுக்குப் பொல்லாத கோபம் வரும், "கூட்டாளி எண்டு சொல்லடா" என்பார். படகில் வந்து வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தவனை வாராவாரம் சோற்றுப் பார்சலோடு பார்க்க வந்தவர் அவர். வெளியே விட்டதும் காரில் ஏற்றிவந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்த கையோடு பிளாக்டவுனில் இருந்த தன் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். வீட்டுக் குசினிகளின் சமையல் மேடைகளுக்குச் செயற்கைக் கல் அறுக்கும் பட்டறை அது. அந்தக் கல்லின் தூள்தான் அவருடைய நெஞ்சுக்குள் போய் உறைந்து, சென்ற மாதம் ஆளைக் கொண்டுபோனது.

அந்தக் கல்லை அரசாங்கம் அதற்கு முன்பே தடை செய்துவிட்டது. தடை வந்தது நல்லதுதான், ஆனால் உள்ளே போன தூள் சட்டம் பார்த்து வெளியே வருமா? பட்டறையில் வேலை செய்த எல்லோரும் நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நிதுஷன் போகவில்லை. கிடைத்த தேதிகளை ஏதேதோ சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டான். காலையில் வருகிற வறட்டு இருமலுக்கு, மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவி வினுஷாவிடம் காரணம் சொல்லி வைத்திருந்தான். வசந்தம் முடிந்தும் அந்த இருமல் போகவில்லை.

கல் அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், முகமூடியும் போட வேண்டும். இது வரதராஜாவுக்குத் தெரியாததில்லை. ஆனால் அவசர வேலை வந்தால் தண்ணீர் நின்றுவிடும். ஜனவரி வெக்கையில் முகமூடி நெற்றிக்கு ஏறிவிடும். அதற்கெல்லாம் அவரிடம் ஒரு மருந்து இருந்தது. ஒரு பழைய மைலோ தகரப் பேணி நிறைய, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பனைவெல்லமான பனங்கட்டி. வெறுந்தேத்தண்ணியோடு ஒரு துண்டைக் கடித்தால் தூசெல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று அவர் மனதார நம்பினார். ஊட்டிவிடாத குறையாக எல்லோருக்கும் கொடுத்தார். அதைத் தின்ற தைரியத்தில் அவர்களும் முகமூடியை மறந்தார்கள். இவ்வளவு கெட்டிக்கார மனுஷன் இதை எப்படி நம்பினார் என்று நினைக்க நிதுஷனுக்கு ஆத்திரம் பொங்கும். ஆத்திரம் அடங்கினால் அழுகை வரும்.

அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டியது. வழக்கமாகக் கராஜில் பொரிக்கும் மோர்மிளகாயை உள்ளே குசினியில் பொரித்தார்கள். புகை கிளம்பியதும் வீடே இருமத் தொடங்கியது. "ஐயோ, யன்னலைத் திறவுங்கோவன்" என்று பெண்கள் சிரித்தார்கள், ஏசினார்கள். ஒவ்வொருவராக இருமி முடித்தார்கள்.

நிதுஷனுக்கு மட்டும் நிற்கவில்லை.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தபோது, பட்டறையில் அவனோடு வேலை செய்த சுஜீதன் சோற்றுக் கையைத் தட்டிலேயே வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். நிதுஷன் எழுந்து பின்பக்கம் போனான்.

வரதராஜாவின் மனைவி சந்திரவதனா தண்ணீர்க் கிளாஸோடு பின்னாலேயே வந்தார்.

"தம்பி, ஸ்கேன் எடுத்தனியோ?"

அவன் தண்ணீரைக் குடித்தான்.

"அவர் கடைசியா என்னட்டச் சொன்னது அது ஒண்டுதான். மூச்செடுக்க ஏலாமல் கிடந்துகொண்டு, பட்டறைப் பொடியளைப் போய் நெஞ்சைப் பாக்கச் சொல்லு, பொடியளைப் போய்ப் பாக்கச் சொல்லு எண்டு."

அழுதழுது வீங்கிய முகம். இன்றைக்கு ஒருநாளாவது இவரை நிம்மதியாக விடலாம் என்று அவன் நினைத்தான்.

"ஓம் அக்கா, எடுத்தனான். ஒண்டுமில்லையாம்."

அவர் அவனுடைய கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு விறுவிறென்று உள்ளே போய், மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றார். படையலில் சோறு கறிகளோடு அந்த மைலோ பேணியும் இருந்தது.

"இஞ்சருங்கோ, கேட்டியளே? நிதுஷனுக்கு ஒண்டுமில்லையாம். இனி யோசிக்காமல் இருங்கோ."

சனம் முழுக்கக் கேட்டது. யாரோ முதுகில் தட்டினார்கள். அவனுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

சாப்பாடு முடிந்து புறப்படும்போது, சந்திரவதனா பேணியைத் திறந்து எல்லோருக்கும் ஒரு துண்டு பனங்கட்டி கொடுத்தார். சுஜீதன் வாசலில் நின்று அதைக் கடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படியொரு தெளிவு.

"மச்சான், நீ சொன்னதோடதான் எனக்கு உயிர் வந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு ஸ்கேன். இப்பத்தான் போனில கான்சல் பண்ணிப்போட்டன்."

"என்ன? ஏன்?"

"என்னைவிட நீதானே கூட அறுத்தனி. உனக்கே இல்லையெண்டா எனக்கெங்கால வரப்போகுது? படியேறத்தான் கொஞ்சம் மூச்சு வாங்குது. அது வயிறு வண்டி வச்சுப் பெருத்ததால."

நிதுஷன் தன் கையிலிருந்த பனங்கட்டியைப் பார்த்தான். வரதண்ணையும் நல்ல மனதோடுதான் பேணியை நீட்டினார். அவனும் இன்றைக்கு நல்ல மனதோடுதான் ஒன்றை நீட்டியிருந்தான். சுஜீதன் அதை வாங்கித் தின்றுவிட்டு நிற்கிறான்.

"டேய், நான் ஸ்கேன் எடுக்கேல்லை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"எடுக்கேல்லையடா. பயத்தில போகேல்லை. அக்காவுக்குப் பொய் சொன்னனான்."

சுஜீதன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு அவனுடைய சட்டையைப் பிடித்தான். பிடித்த கை தானாகவே தளர்ந்தது. முகத்திலிருந்த தெளிவு போய், வெறும் பயம் மட்டும் மிஞ்சியது. நிதுஷன் அவனுடைய போனை வாங்கி, கான்சல் செய்த இடத்திலேயே செவ்வாய்க்கிழமையைத் திரும்பவும் பிடித்தான். கீழே தன் பெயரையும் பதிந்தான். பெயரைப் பிழையாக அடித்து, அழித்துத் திருத்த வேண்டியிருந்தது.

பிறகு இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனார்கள். சந்திரவதனா குசினி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வரதராஜா தன் கையால் அறுத்துப் பொருத்திய கல் அது.

"அக்கா, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். இன்னும் ஸ்கேன் எடுக்கேல்லை."

அவர் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று நிதுஷன் காத்திருந்தான், ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது.

"எப்ப போறியள்?"

"செவ்வாய்க்கிழமை. ரெண்டு பேரும்."

"நானும் வாறன்."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் படத்தடிக்குப் போனார். குரல் மெல்லியதாகத்தான் இருந்தது, ஆனால் வெறிச்சோடிப்போன வீட்டில் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இஞ்சருங்கோ, நான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன். இன்னும் தெரியாதாம்."