மாடியில் மூன்று பாட்டில்

என் மாமனார் கலியாணசுந்தரம் வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் நல்லவர். மற்ற நாட்களில் நியாயமானவர், அவ்வளவுதான். பங்குனியில் எங்கள் பகுதி முருகன் புறப்பாடாகி, வாசலில் நின்று தீபாராதனை வாங்கிக்கொண்டு நகர்ந்ததும், வீட்டில் ஒருவர் அவரிடம் ஒன்று கேட்கலாம். இல்லை என்று சொல்ல மாட்டார். அவர் அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். முந்தின வருடம் என் மனைவி கமலவேணி ஃப்ரிட்ஜ் கேட்டாள், வந்தது. போன வருடம் மாமியார் பூவம்மாள், சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகன் மணிவண்ணனை மறுபடியும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு மாமனார் சரி என்றார். இந்த வருடம் என் முறை.

நான் கேட்க இருந்தது தனிக்குடித்தனம். பிள்ளையார்பாளையத்தில் ஐந்து வருடமாக வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கிறேன். மாமனார் தறியில் நெய்கிறேன், மாமனார் சோற்றைத் தின்கிறேன். யாரும் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. "வாங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ள, அந்த முந்தானையை நாளைக்குள்ள முடிச்சிடுங்க மாப்ள" என்று எல்லாமே மரியாதைதான். திட்டினாலாவது கோபித்துக்கொண்டு கிளம்பலாம். மரியாதை கொடுப்பவனிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? சினிமாவுக்குப் போனால் மாமியாரும் வருவார். மாடியில் இருக்கும் ஓர் அறைதான் எங்களுக்கென்று இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டால் அங்கே மட்டும் நாங்கள் புருஷன் பெண்டாட்டி.

ஐயம்பேட்டையில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். இரண்டு அறை, தறி போட இடம், பின்பக்கம் ஒரு முருங்கை. வீட்டுக்கார அம்மா வள்ளி, சாமி வரும் அன்று ராத்திரிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்.

"நீங்க வாயைத் தொறந்து கேட்டா போதும்," என்று கமலவேணி ஒரு வாரமாகப் பாடம் நடத்தினாள். "நான் கேட்டா அப்பா அழுது என் வாயை அடைச்சிடும். மாப்ள கேட்டா அதால ஒண்ணியும் சொல்ல முடியாது."

அன்று மத்தியானம் மணிவண்ணன் தோளில் ஒரு கனத்த பையோடு வந்து சேர்ந்தான். கர்நாடகப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சின்னதாக ஒயின் தயாரிக்கிறான். லைசென்ஸ் எல்லாம் முறைப்படி உண்டு. ஆனால் வீட்டில் அவனுக்குப் பெயர் ஜூஸ் கம்பெனிக்காரன். காரணம், மாமனாரின் தம்பி குடித்தே செத்தவர். அந்த வாடை என்றாலே மாமனாருக்கு உடம்பு நடுங்கும். மகன் விற்பது ஜூஸ் இல்லை என்று தெரிந்தால் போன வருடம் திறந்த கதவு மறுபடியும் சாத்திக்கொள்ளும். இது எனக்கும் கமலவேணிக்கும் மட்டும் தெரியும். மாமியாருக்கு மகன் வந்தானே என்ற சந்தோஷம் ஒன்றே போதும்.

வந்தவன் நேராக என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனான். பழைய சட்டைகளில் சுற்றியிருந்த மூன்று பாட்டில்களை எடுத்துப் பாயில் நிறுத்தினான்.

"இந்த வருஷத்துப் புதுசு, மச்சான். இன்னும் கடைக்குப் போவல. எதை மொதல்ல வுடறதுன்னு நீதான் சொல்லணும்."

"நானா? நான் பீர் கூட குடிச்சதில்லப்பா."

"அதான் வேணும். எங்க ஆளுங்க எல்லாம் குடிச்சிக் குடிச்சி மரத்துப்போன நாக்கு. உன்து கழுவி வெச்ச நாக்கு."

"இன்னிக்கு வேணாம் மச்சான். சாமி வருது."

"சாமி வெளக்கு வெச்சப்புறம் வரும். இப்ப மணி நாலு. வாயில வெச்சிப் பாத்துட்டுத் துப்பிடு. உள்ளயே போவாது. உலகம் பூரா அப்பிடித்தான் செய்யறாங்க."

உலகம் பூராவும் செய்வதை நான் ஏன் செய்யக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

துப்புவதற்கு அவன் கீழேயிருந்து கொண்டுவந்திருந்தது, வீட்டார் தண்ணீர் குடிக்கும் பித்தளைச் சொம்பு. முதல் பாட்டில் வெள்ளை. கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றினான். பழக்கதோஷம், அண்ணாந்து தொண்டையில் ஊற்றிக்கொண்டேன். வாய் வைத்துக் குடித்தால் தம்ளர் எச்சிலாகிவிடும் என்று சின்ன வயதிலிருந்து அடித்து வளர்த்தவர்கள் என் வீட்டார். நாக்கில் பட நேரமே இல்லை. சில்லென்று வயிற்றுக்குப் போய்விட்டது.

"டேய், உதட்டை வெச்சி உறிஞ்சு! வாயில வெச்சிக்கோ, அசை போடு, அப்புறம் துப்பு. இன்னாத்தைக் கண்ட இப்ப?"

மறுபடி ஊற்றினான். இந்த முறை வாயில் வைத்துக்கொண்டேன். மாங்காய்ப் பிஞ்சின் புளிப்பு, அதன் பின்னால் லேசாகச் சாயப்பட்டறை வாடை. சொம்பைத் தூக்கினேன். துப்ப முடியவில்லை. சாமி வரும் நாள், காலையிலிருந்து வீடு முழுக்க அலம்பி விட்டிருக்கிறது, அதில் குடிக்கிற சொம்பில் எச்சில் துப்புவதா? வாசல் ஜன்னல் வழியே துப்பலாம் என்றால் கீழே கமலவேணி ஈரம் காயாத கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தாள். கொல்லை ஜன்னலுக்குக் கீழே உறவுக்காரப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கன்னம் இரண்டும் உப்ப ஒரு நிமிஷம் நின்றுவிட்டு விழுங்கினேன். மணிவண்ணன் கூச்சமே இல்லாமல் அதே சொம்பில் அழகாகத் துப்பினான்.

இரண்டாவது நாவல்பழம். துவர்ப்பில் நாக்கு மேல் அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. புரியவில்லை என்று இன்னொரு முறை கேட்டேன். அதையும் விழுங்கினேன்.

மூன்றாவது கருஞ்சிவப்பு. அரக்குச் சேலையை வெயிலில் விரித்த நிறம். வாயில் வைத்தேன். மந்தாரை இலையில் அவித்த கோயில் இட்லியைப் பிரிக்கும்போது வருமே ஒரு வாசனை, சுக்கும் மிளகும் இலையும் சேர்ந்து, அது எங்கோ உள்ளே இருந்தது. அதன்மேல் உலர்ந்த திராட்சை. விழுங்கின பிறகும் வாயிலேயே நின்றது. நான் கேட்காமலேயே மறுபடி ஊற்றினான்.

"இதான், மச்சான். இதை வுடு மொதல்ல," என்றேன். உடம்பு லேசாக இருந்தது. ஐயம்பேட்டை வீடு கிடைத்தேவிட்ட மாதிரி இருந்தது. அந்த முருங்கையின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மேளச் சத்தம் கேட்டது.

கீழ்க்கோடியில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்ததால், கோயிலில் இருந்து புறப்பாட்டை நேரே மேல்பக்கமாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். கடைசியாக வரவேண்டிய எங்கள் தெருவுக்கு முதலில் வந்துவிட்டது சாமி. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். சொன்னவர் யாரும் வயிற்றில் மூன்று பாட்டிலோடு எதிரே நின்றிருக்க மாட்டார்கள்.

"மாப்ள! சாமி வந்துக்கினு இருக்குது! எறங்கி வாங்க, தட்டை நீங்கதான் எடுக்கணும்!" என்று மாமனார் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கீழேதான் இருந்தது. படிக்கட்டு இறங்குவது நேராகக் கூடத்தில். கூடம் முழுக்க உறவுக்காரர்கள். மணிவண்ணன் பாட்டில்களைச் சட்டையில் சுற்றிப் பையில் திணித்தான், சொம்பில் இருந்ததைக் கொல்லைப்பக்க ஜன்னல் வழியாக ஊற்றினான், ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டான். ஒன்றுதான் வைத்திருந்தான். எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டான்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினேன். ஒரு கையில் தட்டு, மறு கையால் மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். சாமி வாசலில் நின்றது. கற்பூரம் எரிந்தது. முருகா, நான் துப்பத்தான் நினைத்தேன், உனக்கே தெரியும் என்று மனசுக்குள் சொன்னேன்.

"பாத்தீங்களா," என்று மாமனார் பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். "இந்தக் காலத்துல எந்த மாப்ள வாய் பொத்திக்கினு சாமி கும்புடறாரு?"

சாமி நகர்ந்தது. மாமனார் திருநீற்றுத் தட்டோடு என் பக்கம் திரும்பினார். முகம் பூரா சிரிப்பு. அப்படி ஒரு முகத்தை மறுபடி பார்க்க இன்னொரு பங்குனி வரவேண்டும்.

"கேளுங்க மாப்ள. இன்னிக்கு உங்க முறையாம், வேணி சொல்லுது. இன்னா வேணும்?"

ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கமலவேணி பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். திரும்பி அவளைப் பார்த்தேன். நான் குடித்தது அவளுக்குத் தெரியாது. கண்ணில் அத்தனை ஆசை. இன்னொரு வருடம் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? வாயிலிருந்து துண்டை எடுத்தேன்.

"மாமா, நாங்க ஐயம்பேட்டையில தனியா ஒரு வீடு..."

என் நெற்றிக்கு வந்த அவர் விரல் பாதியில் நின்றது. சிரிப்பு போகவில்லை, அப்படியே உறைந்து போயிற்று. மூக்கு மட்டும் விடைத்தது. மெல்லத் திருநீற்றைப் பூசினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"என் தம்பியும் இப்பிடித்தான் தனியா வீடு பாத்துக்கினு போனான், மாப்ள," என்றார், எனக்கும் கமலவேணிக்கும் மட்டும் கேட்கிற குரலில். "என் கண்ணுல படாத எடத்துலதான் குடிச்சிக் குடிச்சி செத்தான். இன்னிக்கு நான் இல்லன்னு சொல்லக் கூடாது. அதனால நீங்க கேக்கவே இல்லன்னு வெச்சிக்கறேன்."

கமலவேணி என் முகத்தருகே வந்தாள். முகர்ந்தாள். அவள் கண் என்னைத் தாண்டி அண்ணனிடம் போயிற்று.

மணிவண்ணன் தறியோரமாக நின்றிருந்தான். பை தோளில் இருந்தது. மாமியார் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் மாடியிலிருந்து இறங்கியதிலிருந்து விடவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பிவிடலாம். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டியவன் அவன்.

"மணி," என்று மாமனார் கூப்பிட்டார். "நீயாவது உன் மச்சானுக்கு எடுத்துச் சொல்லுடா. நாலு ஊரு பாத்தவன் நீ. நல்லது கெட்டது தெரிஞ்சவன்."

"சரிப்பா," என்றான் மணிவண்ணன்.

அந்த 'சரிப்பா'வை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மூன்றாவது பாட்டில் அவ்வளவு நன்றாக இருந்ததையும் மன்னிக்கவில்லை.

"வேணி, மாடி ரூம் சாவியைக் கொடும்மா," என்றார் மாமனார், எப்போதும் போல மரியாதையாக. "மாப்ள இனிமே கூடத்துலயே படுக்கட்டும். என் பக்கத்துல. நான் பாத்துக்கறேன்."

கமலவேணி இடுப்பிலிருந்து சாவியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அப்புறம் என்னிடம் வந்து, என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

"அந்த ஐயம்பேட்டை அம்மாவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க," என்றாள். "எனக்கு வாய் வராது."