கூட்டுக் கிணற்று இரட்டையர்

இப்பூவுலகில் நியாயமாகப் பங்கு பிரிக்க முடியாத பொருள் எதுவும் இல்லை. கீழ்பென்னாத்தூர் வல்லரசு இதை அறிவித்தது திருவண்ணாமலையில் ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில், இடது கால் செருப்பைத் தேடிக்கொண்டே.

ஊரில் வாய்க்கால், வரப்பு, மாமரத்து நிழல் வரை பிரித்துக் கொடுத்தவர். இப்போது மருமகள் ஆர்த்தியின் வயிற்றில் இரட்டை. உள்ளே டாக்டர் சதஃப் பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார்.

"இரட்டையில மூணு விதம்ங்க. சிலருக்கு ஆளுக்கொரு பனிக்குடப் பை, ஆளுக்கொரு நஞ்சுக்கொடி. கவலை கம்மி. சிலருக்கு ரெண்டு குழந்தையும் ஒரே பைக்குள்ள. அதான் பெரிய சிக்கல். உங்களுது நடு ரகம். பை ரெண்டு, நஞ்சுக்கொடி ஒண்ணு. ஒண்ணுக்கு ரத்தம் ஜாஸ்தியா போயி, இன்னொண்ணுக்குக் கம்மியாயிடலாம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஸ்கேன் பார்த்தே ஆகணும்."

"அட, கூட்டுக் கிணறு! நிலம் ரெண்டு, கிணறு ஒண்ணு. முறை வெச்சு தண்ணி விட்டா போச்சு. இதுக்கு எதுக்குங்க ஸ்கேனு?" என்றார் வல்லரசு.

மாலையே வீட்டில் பஞ்சாயத்து கூடியது. ஆர்த்தியை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் வயிற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். திங்கள், புதன், வெள்ளி மேல் பங்குக்கு. செவ்வாய், வியாழன், சனி கீழ் பங்குக்கு. ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்பதில் அவருக்கும் மச்சான் ராஜேந்திரனுக்கும் கைகலப்பே வரப் பார்த்தது.

"தீர்ப்பு ஆயிடுச்சு. இனி ஸ்கேன் கிடையாது."

இரண்டில் ஒன்று காய்ந்துபோனால்? ஆர்த்தி அழுது பார்த்தாள், எடுபடவில்லை. ஸ்கேன் நாளன்று அவர் வழிக்கே போனாள்.

"மாமா, தீர்ப்பு சொல்லிட்டா போதுமா? ராவோட ராவா மடையைத் திருப்பிக்கிட்டா?"

"எவன் திருப்புவான்?"

"உள்ள இருக்கறது உங்க ரத்தம்தானே மாமா? ஊர்ல நீங்க திருப்பாத மடையா?"

வல்லரசின் முகம் மாறியது. "கெளம்பும்மா. நானே வந்து மடையைப் பார்க்கறேன்."

டாக்டர் சொன்னபடி வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஆர்த்தி படுத்திருந்தாள். திரையில் கறுப்பாக, ஏரி போல ஒன்று தெரிந்தது. வல்லரசு துள்ளினார்.

"பாருங்க அநியாயத்த! மொத்தத் தண்ணியும் இவன் ஒருத்தனே புடிச்சு வெச்சிருக்கான்! டேய், கீழ் பங்குக்கு விட்றா!"

சதஃப் கருவியை மேலே நகர்த்தினார். "குழந்தைங்க இங்க இருக்காங்க. ரெண்டும் சமமா, நல்லா இருக்குங்க."

ஆர்த்திக்கு உயிர் வந்தது.

"அப்ப அவன் யாரு?" என்றார் வல்லரசு.

அது ஆர்த்தியின் மூத்திரப்பை.